மனக்கணக்கும் மின்னலையும்

சென்ற மாரிகாலத்தில் ஒருநாள் மாலை, மழை விடாது பெய்துகொண்டிருந்தமையால், நமது சங்க வாசிகசாலையில் அகப்பட்டுக்கொண்ட பத்துப் பன்னிரண்டு பேருக்கிடையே ஒரு வாக்குவாதம் எழுந்தது. தலையிலே கம்பிகளைப் பொருத்தி மனத்திலுள்ளதை வாசிக்கும் யந்திரம் ஒன்று இந்தியாவில் உண்டென்றும், அதனை நம்பி அங்கே ஒரு நீதிமன்றம் ஒரு பெண்ணுக்கு ஆயுட்சிறை விதித்ததென்றும் இளைஞர் ஒருவர் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர், ஓய்வுபெற்ற தபாலதிபர், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சால்வைத் தலைப்பால் துடைத்தவாறே, “தம்பி, நீர் கம்பசிலை விஞ்ஞானம் படிக்கிறனீர்தானே? உண்மையோ, பொய்யோ? ஒரு சொல்லிலை சொல்லும்” என்று நம்மைக் கேட்டார்.

“பொய்” என்று சொல்லிவிட்டோம்.

வீடு திரும்பிய பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான் நமது அவசரம் நமக்கே வெட்கத்தைத் தந்தது. அந்தத் தீர்ப்பு உண்மை. அந்த யந்திரமும் உண்மை. அது மனத்தை வாசிக்கிறது என்ற ஒன்றைத்தான் ஆராய்ந்து பார்க்க வேண்டியிருந்தது. சபையிலே சொன்ன அந்த ஒரு சொல்லுக்குப் பிராயச்சித்தமாகவே இக்கட்டுரையை மலருக்கு எழுதுகின்றோம்.

மூளை மின்சாரத்தால் இயங்குகின்றது என்பர். அது பாதி உண்மை. நரம்புக்கலங்கள் இரசாயனத்தாலும் மின்னாலும் ஒன்றோடொன்று உறவாடுகின்றன. மனித மூளையில் அவை ஏறத்தாழ 8,600 கோடி என்று இன்று கணக்கிடுகின்றனர். அவற்றுள் ஒரு கலம் தனியே எழுப்பும் மின்குரல் மண்டையோட்டுக்கு வெளியே கேளாது. மூளையின் மேற்பட்டையிலே ஆயிரமாயிரம் கலங்கள் ஒரே வேளையில் ஒரே முகமாக ஏறி இறங்கும்போதுதான் தலைத்தோலில் வைத்த மின்வாய் அதனை உணரும். உணரும் அழுத்தமும் எவ்வளவு? ஒரு வோல்ற்றைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஐம்பது கூறளவு. ரோச் லைற்றுக்கு நாம் போடும் 1.5 வோல்ற்றுப் பற்றரி அதனிலும் 30,000 மடங்கு பெரியது. கண்ணை ஒருமுறை இமைத்தாலும், நெற்றியைச் சற்றுச் சுருக்கினாலும், அங்கிருந்து எழும் மின்சாரம் மூளையின் குரலை மூடிவிடும். இந்த விடயத்தை வாசகர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னர் இது வழக்காடப் போகின்றது.

மானிப்பாயிலே தமிழில் மருத்துவம் கற்பித்த கிறீன் வைத்தியரை யாழ்ப்பாணத்தில் அறியாதார் இலர். மனிதவுடலின் அமைப்பையும் தொழிலையும் கூறும் மேனாட்டு நூல்களைத் தம் மாணாக்கரோடு தமிழில் ஆக்கிய அவர், 1873 இல் யாழ்ப்பாணத்தை விட்டுச் சென்றார். அக்காலத்தில் நரம்பு எங்கே தொடங்கி எங்கே முடிகின்றது என்று தமிழிலேயே கற்க முடிந்தது. ஆனால் சிந்திக்கும் மூளையில் மின்சாரம் அசைகின்றது என்பதை உலகத்தின் எந்த மொழியிலும் எவரும் எழுதியிருக்கவில்லை. இரண்டு ஆண்டுகளின் பின், 1875 இல், லிவர்ப்பூல் நகரத்து வைத்தியர் றிச்சாட் கேற்றன் என்பவர் முயல்களினதும் குரங்குகளினதும் திறந்த மூளையில் கம்பி வைத்துக் கல்வனோமானியின் ஒளிப்புள்ளி அசைவதைக் கண்டார். கிறீன் கப்பலேறிய அதே 1873 இலே ஜேர்மனியில் பிறந்த ஒரு குழந்தைதான், அந்த அசைவை மனிதனிடத்தே எழுதிக் காட்டப் பிறந்தது. பெயர் ஹான்ஸ் பேர்கர்.

பேர்கர் இந்த ஆராய்ச்சிக்கு வந்த வழி விசித்திரமானது. இளமையில் படைப்பயிற்சிக்குச் சென்றிருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டியின் சில்லுக்கு முன்னே கிடந்தார். வண்டி மயிரிழையில் நின்றது. அன்று மாலையே தந்தையிடமிருந்து ஒரு தந்தி: சுகமா இருக்கிறாயா? தொலைவிலே வீட்டிலிருந்த தமக்கை, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று சொல்லி, வற்புறுத்தித் தந்தி கொடுக்கச் செய்தாளாம். தமது அச்சம் தமக்கையின் மனத்துக்கு எவ்வண்ணமோ சென்றதென்று பேர்கர் நம்பினார். வான சாத்திரம் கற்க எண்ணியிருந்தவர் மருத்துவத்துக்கு மாறினார். மனத்தின் சக்தியை ஒரு கருவியில் பிடித்துக் காட்ட வேண்டும் என்பதே அவர் வாழ்நாள் வேட்கை.

யேனா நகரச் சர்வகலாசாலையில் மனநோய்ப் பேராசிரியராயிருந்த அவர், பகற்கடமை முடிந்த பின் ஒரு சிற்றறையில், பெரும்பாலும் இரகசியமாகவே, சோதனைகள் செய்தார். 1924 ஆம் ஆண்டு, சத்திரசிகிச்சையால் மண்டையோட்டில் இடைவெளி ஏற்பட்டிருந்த ஓர் இளைஞனிடத்து முதன்முதல் அந்த நடுக்கம் தெரிந்தது. கண்டதும் உலகத்துக்கு முரசறைந்தாரா? இல்லை. அது இதயத்தின் மின்சாரமோ, தசையின் அசைவோ, கருவியின் குற்றமோ என்று ஐயுற்று ஐந்து ஆண்டுகள் சோதித்தார். தம் மகனையும் மகளையுமே கம்பிகளுக்கு நடுவில் இருத்தினார். 1929 இலேதான் முதற் கட்டுரை வெளிவந்தது. நமது காலத்தில் ஒரு மாதத்துக் கண்டுபிடிப்பு மறுமாதம் கைத்தொலைபேசியில் வந்துவிடுகின்றது. அந்த ஐந்து ஆண்டுப் பொறுமையைப் படிக்கும்போது நமக்கு ஒருவகைப் பொறாமையே உண்டாயிற்று.

அவர் கண்டது இது. மனிதன் கண்ணை மூடிச் சும்மா இருக்கும்போது, தலையின் பிற்பகுதியிலே செக்கனுக்குப் பத்துமுறை வரையில் ஏறி இறங்கும் ஒழுங்கான அலை வருகின்றது. அதற்கு அல்பா எனப் பெயரிட்டார். கண்ணைத் திறந்தால் அலை குலைந்துவிடுகின்றது. கண் மூடியிருக்கும்போதே ஒரு மனக்கணக்குக் கொடுத்தாலும், கணக்குச் செய்யுந் தறுவாயில் அலை தாழ்கின்றது. விடை சொல்லி ஓய்ந்ததும் மீளுகின்றது. வாய் அசையவில்லை, கை அசையவில்லை, எண்ணம் ஒன்றே அசைந்தது. கடதாசியிலே கோடு மாறியது. மனிதகுலம் தன் சிந்தனையின் தடத்தைப் புறத்தே பார்த்த முதல் வேளை அதுவென்று சொல்லலாம்.

சிந்திக்கும்போது அலை பெருகுவதன்றோ முறை, தாழ்வது எவ்வாறு என்று கேட்கத் தோன்றும். நமது முதியவர்கள் திண்ணைப் பள்ளியை நினைத்துப் பார்க்கட்டும். பிள்ளைகள் எல்லாரும் ஒரே குரலில் வாய்பாடு சொல்லும்போது அந்த ஓசை ஒழுங்கை முடக்கு வரை கேட்கும். சட்டம்பியார் ஆளுக்கொரு கணக்குக் கொடுத்துவிட்டால் ஒவ்வொருவரும் தத்தம் கணக்கை முணுமுணுப்பார்கள். வேலை கூடுகின்றது, ஒழுங்கையில் கேட்கும் ஓசையோ குலைந்து தேய்கின்றது. மூளைக்கலங்கள் வேலையின்றி ஒத்து அசையும்போது அல்பா ஓங்குகின்றது. தத்தம் வேலையில் இறங்கும்போது சிதறுகின்றது. ஒழுங்கையிலே நிற்பவன், உள்ளே கணக்கு நடக்கின்றது என்று அறிவான். எந்தப் பிள்ளை எந்தக் கணக்குச் செய்கின்றான் என்று அறியான். மூளை மின்வரையத்தின் வலிமையும் வறுமையும் இந்த ஒழுங்கையில் நிற்பவனுடையவைதாம்.

பேர்கரை முதலில் எவரும் பொருட்படுத்தவில்லை. 1932 இல் நொபெல் பரிசு பெற்ற கேம்பிறிட்ஜ் பேராசிரியர் ஏட்றியன், மத்தியூஸ் என்பவரோடு சேர்ந்து 1934 இலே அதே சோதனையைச் செய்து காட்டியபின்தான் உலகம் நம்பியது. ஏட்றியன் தம் தலையையே சோதனைக்குக் கொடுத்தார். அவருக்கு அல்பா அழகாக ஓடியது, மத்தியூசுக்கோ சரியாக வரவில்லை. இதற்காக மத்தியூசின் அறிவைக் குறைத்து மதிப்பிட எவரும் துணியவில்லை. ஒரு நீர்வண்டின் பார்வை நரம்புத்திரளிலும் இதனையொத்த தாளம் எழுவதை ஏட்றியன் முன்னரே கண்டிருந்தார். அல்பா அலையை ஞானத்தின் அடையாளமாகக் கொண்டாடுவோர் அந்த நீர்வண்டையும் நினைத்துக்கொள்வது நன்று.

பேர்கரின் முடிவு துயரமானது. 1941 இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். நாசி அரசின் கொடுமைக்கு ஆளானவர் என்று அவரை நெடுங்காலம் எழுதினார்கள். பிற்கால ஆய்வாளர்கள் ஆவணங்களைத் தேடியபோது வேறொன்று வெளிப்பட்டது: நோயாளர்களைப் பலவந்தமாக மலடாக்க ஆணையிட்ட பரம்பரைச் சுகாதார மேல் நீதிமன்றத்தில் அவரும் ஓர் உறுப்பினராக அமர்ந்திருந்தார். பிறர் மனத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் ஆசனத்தில், மனத்தின் அலையை இத்துணை எச்சரிக்கையோடு அளந்த அதே மனிதர். இதனை விட்டுவிட்டு அவர் புகழை மட்டும் எழுத நமக்கு மனம் வரவில்லை.

சிந்தனை எல்லாம் அலையைக் குலைக்கின்றதா? இதற்கு ஒரு சுவையான கதை உண்டு. பென்பீல்ட், ஜஸ்பர் என்ற மொன்றியல் நகரத்து அறிஞர் இருவர் 1954 இல் வெளியிட்ட நூலில் அதனை எழுதியிருக்கின்றார்கள். ஐன்ஸ்ரைனின் தலையில் மின்வாய்களைப் பொருத்தி அவரைக் கணிதம் செய்யச் சொன்னபோது, சிக்கலான கணக்குகளின் நடுவேயும் அல்பா கலையாமல் ஓடிக்கொண்டிருந்தது. பழகிய கணக்கு அவருக்கு மூச்சு விடுவதுபோல. திடீரென்று அலை அற்றுப்போயிற்று. என்ன நேர்ந்ததென்று கேட்டார்கள். முதல்நாள் செய்த கணக்கொன்றில் பிழை விட்டதைக் கண்டுகொண்டாராம். உடனே பிரின்ஸ்ரனுக்குத் தொலைபேசி எடுக்க வேண்டும் என்றாராம்.

இதனைப் படித்தபோது நமக்கு அளவெட்டியின் நினைவே வந்தது. இவ்வூரில் வாழ்ந்து 1975 இல் மறைந்த தவில்மேதை தட்சணாமூர்த்தியின் வாசிப்பைக் கேட்ட பெரியோர் இன்னும் பலர் உளர். எத்தனை மாத்திரை விட்டு எங்கே எடுத்தால் தீர்மானம் சமத்தில் வந்து விழும் என்ற கணக்கு அவர் விரல்களில் ஓடிக்கொண்டிருந்ததாம். அவர் முகத்திலோ கணக்குச் செய்யும் களைப்பே தெரியாதாம். பழகிய கணக்குக்கும் புதிய கணக்குக்கும் மூளை ஒரே விலை கொடுப்பதில்லை. புலோலிச் சதாவதானி கதிரைவேற்பிள்ளை போன்றோர் பலவற்றை ஒருங்கே மனத்திற் கொண்டு விடையிறுத்த சபைகளில் இக்கருவி இருக்கவில்லை. இருந்திருந்தால் என்ன எழுதியிருக்கும் என்று எண்ணிப் பார்க்க ஆசையாகத்தான் இருக்கின்றது.

இனி, நம் சங்கத்தார் பலர் ஆவலோடு எதிர்பார்க்கும் இடத்துக்கு வருகின்றோம். யோகியர் தியானத்தில் அமர்ந்திருக்கும்போது மூளை என்ன செய்கின்றது? 1950 களில் இக்கேள்வியோடு கருவிகளைத் தூக்கிக்கொண்டு இந்தியாவிலே அலைந்தோர் சிலர். அவர்களுள் பசுகுமார் பக்சி என்ற வங்காளியின் வரலாறு தனித்து எழுதத்தக்கது. தீரானந்தர் என்ற பெயரில் துறவியாக அமெரிக்கா சென்று, துறவை விட்டு, மிச்சிகன் சர்வகலாசாலையில் மூளை மின்வரையப் பேராசிரியரானவர் அவர். இதயத்தை நிறுத்துவதாகச் சொன்ன யோகியரை அவரும் வெங்கர் என்பவரும் டில்லிப் பேராசிரியர் ஆனந்தும் சோதித்தபோது, நாடி கைக்குத் தட்டுப்படாமற் போனதேயன்றி, இதயம் நிற்கவில்லை என்று கண்டார்கள். மூச்சை அடக்கி மார்புத் தசைகளை இறுக்கியதால் வந்த விளைவு அது.

அந்த ஆனந்த், சின்னா என்பவரோடும், முன்னர் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய நரம்பு வைத்தியர் பல்தேவ் சிங்கோடும் சேர்ந்து 1961 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சமாதியில் அமர்ந்த யோகியர் நால்வரிடத்து அல்பா அலை ஓங்கி நின்றது. அவருள் இருவருக்குப் பலத்த ஒளியும் பேரோசையும் சுடு கண்ணாடிக்குழாயின் தீண்டலும் கொடுத்துப் பார்த்தனர். சாதாரண வேளையில் இவை அலையைக் கலைத்தன; சமாதியில் கலைக்கவில்லை. வேறு இருவர் 4 பாகை வெப்பநிலையுள்ள குளிர்நீரில் 45 நிமிடத்துக்கு மேல் கையை வைத்திருந்தபோதும் அல்பா நீங்கவில்லை.

இது வியப்புக்குரியதே. ஆயினும், சமயச் சொற்பொழிவுகளில் இதனைக் கேட்கும்போது இரண்டு விடயங்கள் விடுபடுவதைக் கவனித்திருக்கின்றோம். ஆட்கள் மிகச் சிலர். மேலும், அதே 1950 களில் தாஸ் என்பவரும் பிரெஞ்சு அறிஞர் கஸ்ரோவும் ஆழ்ந்த தியானத்தில் மூளை அலைகள் மெதுவாகாமல் மிகவும் விரைந்ததாகக் கண்டார்கள். இரண்டு கூட்டத்தாரும் நேர்மையானவர்களே. தியானம் என்ற ஒரே சொல்லுக்குள் பல்வேறு உளநிலைகள் அடங்குகின்றன போலும். மனம், புத்தி, சித்தம், அகங்காரம் என நான்காகப் பிரித்துப் பேசக் கற்ற நமக்கு இது புதிதன்று. யோகத்துக்கு விஞ்ஞானம் முத்திரை குத்திவிட்டது என்று சொல்ல இந்தக் கட்டுரைகள் இடந்தரவில்லை. ஆனந்தும் அவ்வாறு சொல்லவில்லை.

1960 களில் கணனியின் வரவு இக்கலையை மாற்றியது. ஒரே தூண்டலைப் பலமுறை கொடுத்து, வரும் அலைகளைக் கூட்டிச் சராசரி எடுத்தால், தற்செயலானவை ஒன்றையொன்று அழிக்க, தூண்டலுக்குரிய சிற்றலை மாத்திரம் தெளியும். எதிர்பாராததும் தனக்கு வேண்டியதுமான ஒன்றைக் கண்டால் ஏறத்தாழ 300 மில்லிசெக்கனில் ஓரலை எழுவதை 1965 இல் சற்றன் என்பவரும் குழுவினரும் அறிவித்தனர். 1980 இல் குற்றாஸ், ஹில்யாட் என்ற இருவர் பொருளுக்கொவ்வாத சொல்லில் முடியும் வாக்கியங்களைக் கொடுத்து வாசிக்கச் செய்தனர். “அம்மா புட்டுக்கு மாம்பழமும் செருப்பும் வைத்தாள்” என்பதுபோல ஒன்றை வாசகர் இப்போது வாசித்தார்களல்லவா? செருப்பு என்ற இடத்திலே 400 மில்லிசெக்கன் அளவில் அவர்களுடைய மூளையும் ஒரு முனகல் முனகியிருக்கும். விடுகதை போன்ற சொற்புதிரின் விடை திடீரெனப் பளிச்சிடும்போது, அதற்குச் சற்று முன்னரே வலக் கன்னப்பொறிப் பக்கத்தில் விரைவலைகள் வெடித்தெழுவதை 2004 இல் அமெரிக்க ஆய்வாளர் கண்டனர். அவிழ்த்துவிட்டோம் என்று நாம் அறியுமுன் மூளை அவிழ்த்துவிடுகின்றது!

இவையெல்லாம் அழகிய பேறுகள். எனினும் 1979 இல் கெவின்ஸ் என்பவரும் குழுவினரும் வெளியிட்ட சோதனை ஒன்றை இத்துறையிற் புகுவோர் அனைவரும் படிக்க வேண்டும். எழுத்து வேலைக்கு ஒரு பக்கம், வடிவ வேலைக்கு மறுபக்கம் என்று அலைகள் வேறுபடுவதாக அதுவரை பலர் எழுதி வந்தனர். கை அசைவு, கண்ணுக்குத் தெரியும் பொருள், வேலையின் கடினம் என்பவற்றைச் சமப்படுத்திவிட்டு இவர் அளந்தபோது, அந்த வேறுபாடு காணப்படவில்லை! நெற்றிச் சுருக்கமும் கண்ணிமைப்பும் மூளையின் குரலை மூடிவிடும் என்று முன்னே சொன்னோம். பென்சில் பிடித்த கையையே எண்ணமென்று எழுதிக்கொண்டிருந்தார்கள் பலர்.

இந்த நிலத்திலே நின்றுதான் அந்த வழக்கை நோக்க வேண்டும். பெங்களூர் மனநல நரம்பியல் நிலையத்தில் உளநூற் பேராசிரியராயிருந்த முகுந்தன் என்பவர், ஓய்வின்பின் குஜராத்தில் ஒரு முறையை வகுத்தார். சந்தேகநபருக்கு மின்வாய் பதித்த தொப்பியை அணிவித்துக் கண்ணை மூடி இருத்துவார்கள். அவர் ஒன்றும் பேச வேண்டியதில்லை. “நான் நஞ்சு வாங்கினேன்” என்பதுபோலத் தன்மையில் அமைந்த வாக்கியங்கள் ஒவ்வொன்றாக ஒலிக்கும். வெறுமனே கேள்விப்பட்டதை அறிந்திருப்பது வேறு, தானே செய்ததை நினைவுகூர்வது வேறு என்றும், அந்த அனுபவ நினைவை அலைகளிலிருந்து கணனி பிரித்துக் காட்டும் என்றும் சொன்னார்கள். 2008 ஆனியில் புனே நீதிமன்றம் ஒன்று, முன்னாள் காதலனுக்கு நஞ்சு கலந்த பிரசாதம் கொடுத்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்கு ஆயுட்சிறை விதித்தது. தீர்ப்புக்கு எடுத்துக்கொண்ட சான்றுகளுள் இதுவும் ஒன்று.

திண்ணைப் பள்ளிக்கு வெளியே நின்றவன் உள்ளே வந்து, இந்தப் பிள்ளை இந்தக் கணக்குச் செய்தது என்று சத்தியம் பண்ணிய கதை இது. ஒரு வாக்கியத்தைக் கேட்டு மூளை துணுக்குறுவதற்குக் குற்றம் மாத்திரமா காரணம்? பொலிசார் பலநாள் அதே கேள்வியைக் கேட்டிருக்கலாம். பத்திரிகையில் படித்திருக்கலாம். செய்யாத கொலையைத் தான் செய்ததாக இருட்டறையிலிருந்து ஒரு குரல் சொன்னால் எவர் நெஞ்சுதான் நடுங்காது? அந்த முறையை வேறு ஆய்வுகூடத்தார் சுதந்திரமாகச் சோதித்து மெய்ப்பிக்கு முன்னரே அது சாட்சிக் கூண்டில் ஏறிவிட்டது. பேர்கர் ஐந்து ஆண்டுகள் தம்மைத் தாமே குறுக்கு விசாரணை செய்ததை இங்கே நினைக்கின்றோம்.

இரண்டு ஆண்டுகளின் பின், 2010 மே 5 இல், இந்திய உயர்நீதிமன்றங்களுக்கெல்லாம் மேலான உச்சநீதிமன்றம் செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் தீர்ப்புக் கூறியது. மயக்க மருந்து ஏற்றிப் பேசவைப்பதும், பொய் காட்டும் கருவியும், இந்த மூளை மின்சோதனையும் ஒருவர் மீது அவர் விருப்பமின்றிப் பிரயோகிக்கத் தக்கவையல்ல என்பது தீர்ப்பு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லுமாறு எவரையும் வற்புறுத்தக்கூடாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் 20 ஆம் உறுப்புரை. வாய் திறவாமலிருந்தாலும், மூளையிலிருந்து பறிப்பது சாட்சி பறிப்பதே என்று நீதியரசர் கொண்டனர். சம்மதத்தோடு நடத்துவதற்குக் கதவு முற்றாக மூடப்படவில்லை. பொலிஸ் காவலில் இருப்பவனின் சம்மதம் எத்தகையது என்பதை நமது நாட்டில் எவருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் எழுதி முடித்தபின் தபாலதிபரின் வீட்டுக்குச் சென்று வாசித்துக் காட்டினோம். முன்பு “பொய்” என்றது நமது பிழை என்றும் ஒப்புக்கொண்டோம். அவர் சாய்மனைக் கதிரையில் கண்ணை மூடியவாறே கேட்டுக்கொண்டிருந்தார்; நித்திரையோ என்றுகூட ஐயுற்றோம். முடிந்ததும், “அந்தப் பெட்டைக்குப் பிறகு என்ன நடந்தது?” என்றார். மேல் நீதிமன்றம் பிணையில் விட்டது என்றோம். தலையை ஆட்டினார். யோகியரைப் பற்றியோ ஐன்ஸ்ரைனைப் பற்றியோ ஒன்றும் கேட்கவில்லை. பேர்கரின் தமக்கை கதையில்தான் அவர் மனம் நின்றது. பேர்கர் பின்னாளில் தம் மூளையலைகள் ஒருவர் தலையிலிருந்து இன்னொருவர் தலைக்குச் செல்லப் போதிய வலிமையற்றவை என்று தாமே முடிவு கட்டியதைச் சொன்னோம். அதுவும் அவருக்குப் போதவில்லை.

“தந்தியிலை குடுத்த நேரம் போட்டிருக்கும் தம்பி,” என்றார். “இவர் விழுந்த நேரத்தையும் அதையும் வைச்சு ஒருதரும் பார்க்கேல்லையோ?”